கரண்ட் அடுப்பும் பழைய வயரிங்கும்

கீழே கடை, மேலே குடியிருப்பு என்ற அமைப்பு நம் வணிகர்களில் பலருக்கு இன்றும் மாறவில்லை. மதுரை கீழமாசி வீதியைச் சுற்றியுள்ள சந்துகளிலும், விருதுநகர், திண்டுக்கல் போன்ற ஊர்களின் பழைய கடைத்தெருக்களிலும் தாத்தா கட்டிய கட்டடத்தில்தான் பேரன் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். தேக்கு உத்திரம், மதராஸ் டெரஸ் தளம், அதே ஸ்விட்ச் போர்டு, அதே வயர். ஆனால் மாடிச் சமையலறையில் இருக்கும் அடுப்பு மட்டும் புதிது. சிலிண்டர் தீரும் நாளுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று வாங்கியவர்கள் உண்டு. மகள் வீட்டில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவர்கள் உண்டு. டார்கெட் முடித்ததற்கு டீத்தூள் கம்பெனியும் சோப்புக் கம்பெனியும் ஸ்கீமில் அனுப்பிய அடுப்பைப் பிரித்து அப்படியே மாட்டியவர்களும் நம்மில் ஏராளம்.

அடுப்பு நல்ல சாமான்தான், அதைக் குறை சொல்ல இந்தக் கட்டுரை அல்ல. அதை மாட்டும் இடத்தைப் பற்றியே பேச வந்தோம். நாம் மின்சாரம் படித்தவர்கள் அல்ல. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். ஆனால் எந்த வண்டியில் எத்தனை மூட்டை ஏற்றலாம் என்பது நமக்குத் தெரியும். வயர் கணக்கும் அதே கணக்குத்தான். லைசன்ஸ் உள்ள வயர்மேன்களிடம் உட்கார்ந்து கேட்டும், எங்கள் கட்டடத்துக்கு வயரிங் மாற்றியபோது கூடவே நின்று பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை உறுப்பினர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் லோடு கணக்கு. நம் ஊர் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கடைகளில் விற்கும் இண்டக்‌ஷன் அடுப்புகளில் பெரும்பாலானவை 1800 முதல் 2100 வாட் வரை. 2000 வாட்டை 230-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர் வருகிறது. நாம் ‘அஞ்சு ஆம்ஸ்’ என்று சொல்லும் சிறிய பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கு மேல் தாங்கச் செய்யப்பட்டது அல்ல. 6-ஐ 230-ஆல் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் இழுக்கும் எதையும் அந்தப் பாயிண்டில் மாட்டக் கூடாது. பெரிய பிளக், அதாவது 15 அல்லது 16 ஆம்பியர் பவர் பாயிண்ட், அடுப்புக்கு அவசியம்.

“இத்தனை வருஷமாக அதே பாயிண்டில் அயர்ன் பாக்ஸ் போடுகிறோமே, ஒன்றும் ஆகவில்லையே?” என்று கேட்காதவர் இல்லை. கேள்வி நியாயமானது. பதிலையும் கணக்காகவே சொல்லலாம். அயர்ன் பாக்ஸ் 750 அல்லது 1000 வாட். பத்து நிமிடம் சூடேறியதும் தானே அணைந்து அணைந்து எரியும். அடுப்போ 2000 வாட், காலையில் ஒரு மணி நேரம், இரவில் ஒரு மணி நேரம். அதிலும் முக்கியமான விஷயம், கரண்ட் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு இரண்டு மடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. 1000 வாட் அயர்ன் பாக்ஸைத் தாங்கிய பாயிண்ட், 2000 வாட் அடுப்பின்போது அதைப்போல நான்கு மடங்கு சூட்டைச் சுமக்கிறது.

குறைந்த அளவில் வைத்துச் சமைத்தால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் முழுச் சரி அல்ல. பல இண்டக்‌ஷன் அடுப்புகள் சிறு தீயில் வைக்கும்போது கரண்டைக் குறைத்து இழுப்பதில்லை. பெரிய அளவில் சில நொடி இழுத்து, சில நொடி நிறுத்தி, மறுபடி இழுக்கும். ‘டிக், டிக்’ என்று விட்டுவிட்டுக் கொதிப்பதைப் பெண்கள் கவனித்திருப்பார்கள். பழைய இணைப்புக்கு இந்தச் சூடேறி ஆறும் வேலை நல்லதல்ல.

இனி வயரைப் பார்ப்போம். உங்கள் கட்டடத்தில் என்ன வயர் ஓடுகிறது என்று தெரியாமல் எதுவும் முடிவு செய்ய முடியாது. சுவரின் மேல் தேக்கு ரீப்பர் அடித்து, அதன் மேல் தகரக் கிளிப் வைத்து வரிசையாக ஓடும் வயர் முதல் வகை. மிகப் பழைய கட்டடமானால் அது ரப்பர் உறை போட்ட வயராக இருக்கும். ரப்பருக்கு வயது உண்டு. காய்ந்து, வெடித்து, விரலால் தொட்டால் பழைய முறுக்குப் போல உதிரும். உத்திரத்தை ஒட்டி ஓடும் இடத்தில் அசையாமல் இருக்கும் வரை பிழைத்துக் கிடக்கும். எலக்ட்ரீஷியன் ஒரு ஸ்விட்சைக் கழற்றி வயரை இழுத்தவுடன் உறை விட்டுப்போய்க் கம்பி வெளியே தெரியும். இந்த வயர் இருக்கும் கட்டடத்தில் கரண்ட் அடுப்புப் பேச்சே வேண்டாம். முதலில் வயரிங் மாற வேண்டும்.

இரண்டாவது அலுமினியம். செம்பு கிடைப்பது அரிதாக இருந்த 1960, 1970-களில் வயரிங் செய்த வீடுகள் பலவற்றில் அலுமினியக் கம்பிதான். வெள்ளிபோல் வெளுத்த ஒற்றைக் கம்பியாக இருக்கும். இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடியும். அலுமினியம் செம்பைப் போல ஏறக்குறைய 60 சதவீதம்தான் மின்சாரம் கடத்தும். அதைவிடப் பெரிய குறை வேறு. ஸ்குரூவின் அடியில் நசுங்கிய அலுமினியம் சூடாகும்போது கொஞ்சம் கொஞ்சமாக விலகிக் கொடுத்து, இறுக்கம் தளர்ந்துவிடும். மேலே ஒரு படலமும் பூத்துக்கொள்ளும். அலுமினியக் கம்பியோடு செம்புக் கம்பியை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இருந்தால், ஈரம் பட்ட இடத்தில் அரிப்பும் சேர்ந்துகொள்ளும். நம் கட்டடங்களில் பின்னால் சேர்த்த பாயிண்ட்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கின்றன.

மூன்றாவது, பின்னாளில் குழாய்க்குள் போட்ட பி.வி.சி. செம்பு வயர். இது நல்ல வயர்தான். ஆனால் லைட்டுக்கும் ஃபேனுக்கும் என்று 1 அல்லது 1.5 சதுர மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். பழைய எலக்ட்ரீஷியன்கள் 1/18, 3/20, 7/20 என்று கணக்குச் சொல்வார்கள். 1/18 என்பது ஒரு சதுர மில்லிமீட்டரை விடச் சற்றுக் கூடுதல், 7/20 என்பது நான்கரைக்கு மேல். அடுப்புக்கு வேண்டியது இந்தக் கடைசி ரகம்.

இதுவரை சொன்னது பலருக்குத் தெரிந்ததே. தெரியாத விஷயத்துக்கு இப்போது வருகிறோம். தீப்பிடித்த இடங்களில் எல்லோரும் ‘வயர் தாங்கவில்லை’ என்றே சொல்கிறார்கள். ஆனால் அனுபவப்பட்ட வயர்மேன்கள் எங்களிடம் சொன்னது வேறு: வயர் நடுவில் எரிவது குறைவு, இணைப்பில் எரிவதுதான் அதிகம். பிளக் சாக்கெட்டுக்குள் உட்காரும் இடம், ஸ்விட்சின் ஸ்குரூ, ஜங்ஷன் பாக்ஸில் முறுக்கிய முடிச்சு, ஃபியூஸ் கட்டையின் பித்தளை நாக்கு. இந்த நான்கு இடங்கள்தான்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. மெயின் போர்டிலிருந்து சமையலறை 15 மீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக ஒன்று, வர ஒன்றாக 30 மீட்டர் வயர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் 9 ஆம்பியர் ஓடினால் மொத்த வயரிலும் சேர்ந்து உண்டாகும் சூடு சுமார் 44 வாட். பழைய நாற்பது வாட் குண்டு பல்பின் அளவு. அது 30 மீட்டரிலும் பரவி ஆறிவிடுகிறது. ஆனால் ஒரு சாக்கெட்டில் பித்தளை நாக்கு தளர்ந்து, கரி பிடித்து, அங்கே அரை ஓம் தடை ஏறிவிட்டால், அந்த ஒரே இடத்தில் 40 வாட் சூடு உண்டாகிறது. உளுந்து அளவு இடத்தில்! ரேடியோ ரிப்பேர்க்காரர் ஈயம் பற்றவைக்கும் கருவி 25 வாட்தான். அதில் ஈயம் உருகுகிறது. 40 வாட் என்ன செய்யும் என்று நாமே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இதில் ஃபியூஸ் என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை. ஃபியூஸோ எம்.சி.பி.யோ, அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால்தான் அறுக்கும். தளர்ந்த இணைப்பு எரியும்போது ஓடுவது அதே 9 ஆம்பியர்தான், ஒரு புள்ளி கூட அதிகமில்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு. பாயிண்ட் கருகிக் கட்டை உருகி, இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று ஒட்டிய பிறகுதான் அது விழும். “எம்.சி.பி. போட்டிருக்கிறேன், பயமில்லை” என்று சொல்லும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வேறொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியது, 16 ஆம்பியர் எம்.சி.பி. 17 ஆம்பியரில் விழுந்துவிடாது. விதிப்படி சுமார் 23 ஆம்பியர் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

எங்களிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறை வியாபாரி, சிறிய ஊரில் மளிகையோடு கருவாடும் விற்பவர், ஒருமுறை சொன்னார். மாடியில் இரண்டு நாளாகக் கருவாட்டு வாடை. கூடையை வீட்டுக்குள் வைத்தது யார் என்று வேலைப் பையனைத் திட்டியிருக்கிறார். பிறகு எலி செத்துக் கிடக்கிறதோ என்று பரணை எல்லாம் இறக்கிப் பார்த்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அவர் மனைவி கரண்ட் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் போனபோது அது வரவில்லை. சாக்கெட்டோடு உருகி ஒட்டியிருந்தது. ஸ்விட்ச், பிளக் ஆகியவற்றின் கட்டை சூட்டில் வேகும்போது மீன் வாடை போல ஒன்று வரும். இது எல்லா எலக்ட்ரீஷியனுக்கும் தெரியும், நமக்குத்தான் தெரிவதில்லை. அந்த வாடை வந்தால் மெயினை அணைத்துவிட்டுப் போர்டு போர்டாக மோந்து பார்ப்பதுதான் முதல் வேலை. அவருடைய அந்தச் சமையலறைக்கு நேர் கீழே சூடமும் தீப்பெட்டி பண்டலும் அடுக்கியிருந்தன.

நம்மவர்களுக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அவர்களுக்குப் பாயிண்ட் கருகினால் ஒரு பாயிண்ட் போச்சு. நமக்குக் கீழே எண்ணெய் டின், கோணிச் சாக்கு, அட்டைப் பெட்டி, சூடம். தளத்தில் ஓட்டை போட்டு மேலிருந்து கீழே வயர் இறக்கியிருக்கும் கட்டடங்களில் தீ இறங்குவதற்கு அந்த ஓட்டையே வழி.

அடுத்தது, நம் கடையிலேயே தொங்கும் சரக்கைப் பற்றி. பெரிய பிளக்கைச் சிறிய பாயிண்டில் மாட்டும் கன்வர்ஷன் பிளக்கைப் பல மளிகைக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கவிட்டிருக்கிறோம். மூன்று வழி பிளக்கும், மெல்லிய வயர் போட்ட எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் அப்படியே. அடுப்புக் கம்பெனிக்காரன் பெரிய பிளக் போட்டு அனுப்புவதே, இதைச் சிறிய பாயிண்டில் மாட்டாதே என்று சொல்வதற்குத்தான். அந்தத் தடையை இருபது முப்பது ரூபாய்ச் சாமான் ஒன்று உடைத்துவிடுகிறது. அதன் உள்ளே இருக்கும் தகடு டின் மூடியை விட மெல்லியதாக இருப்பதை ஒன்றை உடைத்துப் பார்த்தால் தெரியும். லாபம் எத்தனை என்று பார்த்தால் ஒரு கட்டு ஊதுபத்திக்குக் கூட ஈடாகாது. ‘அடுப்புக்கு’ என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு இதை விற்காமல் இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. எங்கள் கடையில் நிறுத்திவிட்டோம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? அடுப்புக்குத் தனி லைன். மெயின் போர்டிலிருந்து புறப்பட்டு நடுவில் எங்கும் முடிச்சு இல்லாமல் நேராகச் சமையலறைக்கு வரும் வயர். அதுவே முக்கால் வாசி வேலை. முடிச்சு இல்லாத இடத்தில் தளர்வதற்கு எதுவும் இல்லை. வயர் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. 2.5 போதும் என்று சொல்பவர்கள் உண்டு, கணக்குப்படி தவறும் இல்லை. ஆனால் நாளைக்கு அதே பாயிண்டில் வேறு ஏதாவது சேரும், கோடையில் ஓட்டுக்கு அடியில் குழாயே கொதிக்கும். வித்தியாசப் பணம் பெரிதல்ல. வயரில் ஐ.எஸ். 694, பிளக் சாக்கெட்டில் ஐ.எஸ். 1293 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். அந்த லைனுக்கென்று 20 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, சுவரில் 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்று. பழைய வயரை அப்படியே விட்டுவிட்டு எம்.சி.பி.யை மட்டும் 32 என்று பெரிதாக்குவது, தராசு தாங்காது என்று தெரிந்தும் எடைக்கல்லை மட்டும் மாற்றி வைப்பது போல. ஃபியூஸ் போகிறது என்று கட்டையில் இரண்டு மூன்று இழை செம்புக் கம்பி முறுக்கி வைப்பதும் அதே ஜாதி.

எர்த்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கட்டடங்களில் இரண்டு துளை பாயிண்ட்தான் இருக்கும். மூன்றாவது வயரே கிடையாது. புதிய சாக்கெட் மாட்டும்போது மூன்றாவது துளைக்கு என்ன செய்வது என்று சிலர் அதை நியூட்ரலோடு பாலம் போட்டுவிடுகிறார்கள். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த நிமிடமே அடுப்பின் உடம்பிலும் ஃபிரிஜ்ஜின் கதவிலும் 230 வோல்ட் ஏறும். காயில் அடுப்பு வைத்திருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருக்க வேண்டும். அதன் உடம்பு தகரம். எர்த் என்றால் கட்டடத்துக்கு வெளியே மண்ணில் இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, அங்கிருந்து தனிக் கம்பி இழுத்து வருவது. கடைத்தெருவில் மண் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கிணற்றடி, பின்முற்றம், படிக்கட்டின் ஓரம், எங்காவது ஒரு முழ இடம் இருக்கும். வருஷத்துக்கு நாலு குடம் தண்ணீரும் ஊற்ற வேண்டும். இதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மெயின் போர்டில் வைத்துவிட்டால், கசிவு கண்டவுடன் அது அறுத்துவிடும். பழைய வயரிங்கில் அது அடிக்கடி விழுகிறது என்று சிலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். விழுவது அதன் குற்றம் அல்ல, வயரில் எங்கோ கசிகிறது என்று அது சொல்லும் செய்தி.

வேலை செய்பவர் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேனாக இருக்கட்டும். அவரிடம் கூடவே இரண்டு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். சில பழைய போர்டுகளில் நியூட்ரலிலும் ஃபியூஸ் கட்டை இருக்கும், அது கூடாது. இன்வெர்ட்டர் லைனில் அடுப்புப் பாயிண்ட் சேர்ந்திருக்கிறதா என்பது மற்றொன்று. த்ரீ ஃபேஸ் உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஒரு ஃபேஸ் போனால் ஸ்விட்சைத் திருப்பி எல்லாவற்றையும் மற்ற ஃபேஸில் ஏற்றும் வழக்கம் நம் எல்லோரிடமும் உண்டு. அப்படித் திருப்பும்போது அடுப்பு, ஹீட்டர், மோட்டார் மூன்றும் ஒரே கம்பியில் வந்து உட்கார்ந்துவிடும். திருப்பும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மொத்தச் செலவு, தூரத்தைப் பொறுத்து, துவரம் பருப்பு மூட்டை ஒன்றுக்கோ இரண்டுக்கோ ஆகும் பணம். எர்த் புதிதாக இறக்கினால் கொஞ்சம் கூடும்.

மின்கட்டணம் பற்றிச் சுருக்கமாக. 2000 வாட் அடுப்பு முழு அளவில் ஒரு மணி நேரம் எரிந்தால் 2 யூனிட். நாளுக்கு 3 யூனிட் என்றால் இரண்டு மாத ரீடிங்கில் 180 யூனிட் கூடும். பில் மேல் படிக்குப் போகுமா என்று பழைய ரீடிங்கைப் பார்த்து முடிவு செய்யலாம். மின்வாரியத்தில் நமக்கு அனுமதித்த லோடு எவ்வளவு என்பதையும் பார்த்து, போதாவிட்டால் எழுதிக் கொடுத்து உயர்த்திக்கொள்ள வேண்டும்.

மாடி வீட்டுக்கு ஒரு மீட்டர், கடைக்கு ஒரு மீட்டர் என்று இருப்பவர்கள், கடைப் பையன்களுக்கு டீ போட என்று வீட்டு லைனிலிருந்து கீழே வயர் இறக்கி அடுப்பு வைக்கக் கூடாது. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில், அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்கு மின்சாரம் எடுத்தால் உரிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போட இடம் இருக்கிறது. எத்தனை நாளாக என்று நிரூபிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குப் போடலாம். ஸ்க்வாட் வரும் நாளில் டீ ஆறிப்போகும்!

இன்சூரன்ஸ் எடுத்தவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். வழக்கமான தீ பாலிசியில் ஷார்ட் சர்க்யூட்டால் எரிந்த அந்த மின்சாதனத்துக்கோ வயருக்கோ நஷ்டஈடு கிடையாது. அதிலிருந்து பரவிய தீயில் போன சரக்குக்கு உண்டு. சர்வேயர் வரும்போது வயரிங் எப்போது மாற்றியது, யார் செய்தது என்று கேட்டால், வயர்மேன் கொடுத்த பில்லும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் கையில் இருப்பது நல்லது. அவற்றைச் சிட்டைகளோடு சேர்த்துக் கட்டாமல் பாலிசியோடு வையுங்கள்.

தனி லைன் இழுக்கும் வரை என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: சமையலறையில் உண்மையான பவர் பாயிண்ட் ஒன்று ஏற்கெனவே இருந்தால், அடுப்பை அரை மணி நேரம் எரியவிட்டு, ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய கையோடு பிளக்கின் கட்டையைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரலை வைக்க முடியாத சூடு, அல்லது சாக்கெட்டைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாக நிறம் மாறியிருப்பது தெரிந்தால் அந்தப் பாயிண்டில் மறுபடி மாட்ட வேண்டாம். புதிய சாக்கெட் மட்டும் மாற்றினால் போதுமா என்றால், பின்னால் வரும் வயரின் நுனியும் வெந்து கறுத்திருக்கும். நல்ல செம்பு வரும் வரை அதை நறுக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும். நறுக்கியபின் நீளம் எட்டாது என்று துண்டு வயர் சேர்ப்பார்கள், அதற்குச் சம்மதிக்காதீர்கள். ரப்பர் வயர் உள்ள வீட்டில் அந்தச் சோதனையும் வேண்டாம். கேஸ் அடுப்பே எரியட்டும். புரட்டாசிக்குள் வயர்மேனைப் பிடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் அவர் தீபாவளி சீரியல் லைட் கட்டப் போய்விடுவார், அதன் பிறகு மழை.